உப்புக்கல்லில் காய்கறி வாட்ட ஆசையா? வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் ஆன்லைனில் ஒரு இந்துப்புக் கல் வாங்கினேன். அடுப்பில் வைத்துச் சூடாக்கி, அதன் மேலேயே காய்கறியைப் போட்டு வாட்டுகிற தட்டையான கல். முதல் தடவை வைத்தபோதே, 12-வது நிமிடத்தில், அது வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு என் முன்கையில் பட்டுத் தோல் வெந்துவிட்டது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, தவறு என் மேல்தான் என்கிறார். அதே கல் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கல்லை விற்றவர்களுடைய விளம்பரத்தில், '84 கனிமங்கள் நிறைந்தது, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே '801 டிகிரி வரை உருகாது' என்று பெரிய எழுத்தில் இன்னொரு வரி. இரண்டையும் நம்பித்தான் ஆர்டர் போட்டேன்.

பார்சலைப் பிரித்தபோது பிளாஸ்டிக் உறையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கல்லைத் தொட்டால் பிசுபிசுப்பு. பின்பக்கத்தில் பசை உரித்த மாதிரி ஒரு தடம். கூடவே ஒரு துண்டுத்தாள்: 'குழாய் நீரில் நன்றாகக் கழுவவும். பெரிய தீயில் 10 நிமிடம் சூடாக்கவும். காய்கறிகளை அடுக்கவும்.' கழுவலாமா என்ற சந்தேகத்தில் அவர்களுடைய சாட்டில் கேட்டேன். 'கண்டிப்பாகக் கழுவிப் பயன்படுத்துங்கள்' என்று பதில் வந்தது. கழுவினேன், துடைத்தேன், அடுப்பில் வைத்தேன்.

நாலைந்து நிமிடத்தில் டிக், டிக் என்று சத்தம். கல்லின் ஒரு மூலையிலிருந்து நடுப்பக்கமாக வெள்ளை வெளேரென்று மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. 10 நிமிடம் ஆனதும் காளானையும் குடைமிளகாயையும் அடுக்கினேன். வதங்குவதற்குப் பதிலாகக் காளான் நீர் விட்டது. அந்த நீர் கல்லைக் கரைத்துக்கொண்டு கோட்டுக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். தீயைக் குறைக்கக் கை நீட்டிய நேரத்தில் படீரென்று ஒரு சத்தம். கல் மூன்றாகப் பிளந்து, சில்லுகள் சுவர் வரை தெறித்தன. என் மகள் அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அதே இடத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பர்னருக்குள் உப்புத்தூள் போய்விட்டது. துடைத்தும் விடவில்லை, இரண்டே நாளில் அடுப்பின் இரும்பு வளையம் துருப்பிடித்துவிட்டது.

படங்களோடு புகார் அனுப்பினேன். 'ஈரக் கல்லைச் சூடாக்கினால் வெடிக்கத்தான் செய்யும். இது பயன்படுத்துபவரின் கவனக்குறைவு' என்று பதில். கழுவச் சொன்னதே நீங்கள்தானே என்று சாட்டில் அவர்கள் தந்த பதிலை எடுத்துக் காட்டினேன். அதன் பிறகு பதிலே இல்லை. மூன்று நாள் கழித்துப் பார்த்தால், பொருள் விவரத்தின் அடியில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: 'பரிமாறுவதற்கு மட்டும்.' நான் வாங்கியபோது அந்த வரி இல்லை. நல்லவேளை, அன்றைய பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

உடைந்த துண்டை அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் 2 செ.மீ., மறுபக்கம் அதுகூட இல்லை. சூடாக்குவதற்கு என்று விற்கிற கல் 4, 5 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும். மெல்லிய கல் குளிர்ந்த பண்டங்களை வைத்துப் பரிமாறத்தான் லாயக்கு. என்னிடம் வந்தது சுவரில் ஒட்டும் அலங்காரப் பலகையோ என்று அந்தப் பசைத் தடத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறேன்.

801 டிகிரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உப்பு உருகுவது அந்தச் சூட்டில்தான், அது உண்மை. ஆனால் வீட்டு அடுப்பில் உப்புக்கல் உருகிக் கெடுவதில்லை, வெடித்துத்தான் கெடுகிறது. உப்பு சூட்டில் ரொம்பவே விரியும். 20 செ.மீ. கல் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும், கருங்கல்லைப் போலப் பல மடங்கு. அடிப்பக்கம் சட்டென்று சூடாகி, மேல்பக்கம் ஆறியிருந்தால் கல் அந்த இழுப்பைத் தாங்காது. உள்ளே ஈரமும் இருந்தால் அது ஆவியாகி வெளியேற வழி தேடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீரை இழுத்துக்கொள்ளும். உறைக்குள் நான் பார்த்த நீர் அப்படி வந்ததுதான்.

நல்ல தடிமனான கல் உங்களிடம் இருந்தால்கூட அவசரப்படாதீர்கள். கழுவ வேண்டாம், காய்ந்த கல்லாக இருக்கட்டும். சிம்மில் 15, 20 நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயைக் கூட்டி, மொத்தம் முக்கால் மணி நேரமாவது ஆக வேண்டும். காயைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு விரல் தடிமனுக்கு நறுக்கி, எண்ணெயைக் காயின் மேல்தான் தடவ வேண்டும். எண்ணெயில் உப்பு கரையாது, அதனால் காய் அளவாகத்தான் உப்பை எடுக்கும். தக்காளி மாதிரி நீர் விடும் காய்கள் வேண்டவே வேண்டாம். தனியாக உப்பும் போடாதீர்கள். கண்ணாடி அடுப்பின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. முடிந்ததும் கல்லை இரவு முழுக்க அப்படியே ஆறவிட்டு, சுரண்டி, லேசான ஈரத்துணியால் துடைத்தால் போதும். சோப்பும் ஊறவைப்பதும் ஆகாது.

எனக்குத் தீக்காயத்தைவிட வலித்தது அந்த ரத்த அழுத்த வரிதான். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் அதில் துளியூண்டு கலந்திருக்கும் இரும்பால் வருவது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அந்தக் கணக்கில் இதுவும் அடக்கம். கல் உடையாமல் இருந்திருந்தால், உடம்புக்கு நல்லது என்று நம்பி நானே அப்பாவுக்கு அந்தக் காளானை ஊட்டியிருப்பேன். தட்டில் மிஞ்சிய ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தேன். விழுங்க முடியவில்லை, அவ்வளவு கரிப்பு.

வாங்குகிறவர்கள், 'இதை நேரடியாக அடுப்பில் வைக்கலாமா, தடிமன் எவ்வளவு' என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் விவரம் முழுவதையும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். 'கழுவவும், பெரிய தீயில் 10 நிமிடம்' என்ற தாளோடு வந்த கல் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதை அடுப்பில் ஏற்றாதீர்கள். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.