சோழமண்டலமா, மார்ஃபாவா?

இரண்டுமே நகரத்தை விட்டு விலகிப்போன கலைஞர்களின் இடங்கள். மற்றபடி ஒட்டுறவே இல்லை.

சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் கலைஞர்கள் சேர்ந்து நிலம் வாங்கி அமைத்த கிராமம்தான் சோழமண்டலம். பணம்? பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்றதுதான். உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டி, சாயத்தில் முக்கி எடுக்கும் அந்த வேலை அடுப்பெரிய வைத்தது. ஓவியம் எப்போது விலைபோகும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலும் ஓவியர் இருப்பது பெரிய பலம். (சண்டை வந்தாலும் அதே பக்கத்து வீடுதான்!) வாழ்வதற்கு என் ஓட்டு இதற்கே.

டெக்சாஸ் பாலைவெளியில் உள்ள மார்ஃபா ஒற்றை ஆளின் பிடிவாதம். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து அங்கே போன சிற்பி டொனால்ட் ஜட், பழைய பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில் 100 அலுமினியப் பெட்டிகளை வைத்தார். அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே, உள்ளமைப்பு மட்டும் வேறு வேறு. வெயில் நகர நகர அவை நிறம் மாறும். பார்க்க அதற்கு ஈடில்லை, சரி. ஆனால் ஊர் புகழ்பெற்றதும் வீட்டு விலையும் ஏறிவிட்டது. ஈஞ்சம்பாக்கத்திலும் இன்று நிலம் மலிவில்லை. அவர்கள் அப்போதே வாங்கிவிட்டார்கள்.