பொப்பெரிங்கே டால்பட் ஹவுஸ்: மாடியில் கோயில், அடுக்களையில் டீ

பெல்ஜியம் போகிறவர்கள் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸ், புரூஜ் பார்த்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் முதல் உலகப் போர்க்களம் பார்க்க ஒரு நாள் ஈப்பர் நகரம் போய்விட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தேன். அங்கே நான் முன்பதிவு செய்திருந்த விடுதிக்காரர் கடைசி நேரத்தில் அறை இல்லை என்று கைவிரித்துவிட, அவசரமாகத் தேடியதில் கிடைத்தது டால்பட் ஹவுஸ். ஈப்பரிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. பொப்பெரிங்கேதான் கடைசி ஸ்டேஷன் என்பதால் தூங்கிப்போனாலும் கவலை இல்லை.

ஹோட்டல் என்று நினைத்துப் போகாதீர்கள். இது ஒரு அருங்காட்சியகம், தங்குவதற்கும் சில எளிய அறைகள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் ஈப்பரை மூன்று பக்கமும் ஜெர்மன் பீரங்கிகள் சூழ்ந்திருந்தபோது, அதற்குச் சுமார் 12 கிலோமீட்டர் பின்னால் இருந்த இந்த ஊரில்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இளைப்பாறினார்கள். கையில் கொஞ்சம் சம்பளக் காசு, நாளை இருப்போமா என்ற சந்தேகம், தெருவெல்லாம் குடி. அந்த நெரிசலுக்கு நடுவே நெவில் டால்பட் என்ற மூத்த ராணுவப் பாதிரியாரும், எல்லோரும் 'டப்பி' என்று கூப்பிட்ட குண்டுப் பாதிரியார் பிலிப் கிளேட்டனும் ஒரு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) வியாபாரியின் வீட்டை வாடகைக்குப் பிடித்து, 1915 டிசம்பர் 11 அன்று சிப்பாய்கள் இளைப்பாறும் கிளப்பாகத் திறந்தார்கள். நெவிலின் தம்பி கில்பர்ட் அதற்குச் சில மாதம் முன்பு, ஜூலை 30ல், ஹூகே என்ற இடத்தில் 23 வயதில் இறந்துபோயிருந்தான். வீட்டுக்கு அவன் பெயர்.

எனக்குப் பாதிரியார் பிரசங்கம் புதிதல்ல. சி.எஸ்.ஐ. குடும்பம், ஞாயிறு தவறாது. 'கஷ்ட காலத்தில் கர்த்தர் உன்னைக் காப்பார்' என்பதை எத்தனை குரலில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அதிலும் ராணுவச் சம்பளம் வாங்கும் ஒருவர், மறுநாள் சாகப் போகிற பையன்களிடம் அதைச் சொல்வது எப்படி வாயில் வரும் என்று எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு. அந்த நெருடலோடுதான் உள்ளே போனேன்.

போனால், வீடு முழுக்கப் பிரசங்கத்துக்குப் பதில் குறும்பு. வாசல் கதவைக் காட்டும் ஒரு அம்புக்குறியில், மனம் தளர்ந்து புலம்புகிறவர்களுக்கு இதுதான் வெளியே போகும் வழி என்று எழுதியிருக்கிறது. பாதிரியார் அறைக் கதவில், பதவியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லி ஒரு வாசகம். ஜெனரலும் கடைநிலைச் சிப்பாயும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் வேண்டுமா, தொப்பியை அடகு வைக்க வேண்டும். தொப்பி இல்லாமல் சிப்பாய் முகாமுக்குத் திரும்ப முடியாது, அதனால் புத்தகம் தானாகத் திரும்பி வரும். நம்ம ஊர் நூலகர்கள் கவனிக்க! தோட்டத்துக்குப் போனால் போரை மறந்துவிட்டு வா என்கிறது இன்னொரு பலகை.

அப்புறம் மாடி. ஹாப்ஸ் காயவைத்த பரணுக்கு ஏணி மாதிரி செங்குத்தான படி, மூட்டுவலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். அந்தப் பரண்தான் கோயில். அதை அவர்கள் 'மேல்வீட்டறை' என்றே அழைத்தார்கள், இயேசு சீடர்களோடு கடைசி விருந்து உண்ட அறைக்கு வேதாகமம் தரும் பெயர். பலிபீடம் என்று ஒன்று செய்துவைக்கவில்லை, தோட்டக் கொட்டகையில் கிடந்த ஒரு தச்சுப் பட்டறை மேசையைத் தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். தச்சன் மகனான இயேசுவுக்கு அது போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஞானஸ்நானம், திடப்படுத்தல், நற்கருணை எல்லாம் இங்கேதான். பலருக்கு இதுவே கடைசி நற்கருணை. நான் போன நேரம் வேறு யாரும் இல்லை, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் காப்பார் என்ற வார்த்தையை அந்தக் குண்டுப் பாதிரியார் நாற்காலி, புத்தகம், பியானோ, சூடான டீ என்று சில்லறையாக மாற்றி எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள எனக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். சில நிமிட நடையில் நகர மன்றக் கட்டடம் இருக்கிறது. அங்கே, போரிலிருந்து ஓடிப்போனதாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட சிப்பாய்களை அடைத்து வைத்த சிறு அறைகளும், முற்றத்தில் சுட்டுக் கொல்லக் கட்டிவைத்த கம்பமும் உண்டு. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் ராணுவமே சுட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006ல்தான் மன்னிப்பு வழங்கியது. அப்படிப்பட்டவனோடு கடைசி இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதும் ராணுவப் பாதிரியாரின் வேலைதான். அந்த அறையில் விடியும்வரை என்ன சொல்லியிருப்பார்கள்? டீயும் குறும்புப் பலகையும் அங்கே செல்லாது. டால்பட் ஹவுஸ் கொடுத்த இதமெல்லாம் எனக்கு அங்கே கொஞ்சம் ஆறிப்போனது, உண்மையைச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஈப்பரைச் சுற்றி 1914லும் 1915லும் லாகூர் டிவிஷனின் இந்தியச் சிப்பாய்களும் சண்டை போட்டார்கள். அவர்களில் காலாட்படையை 1915 கடைசியில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) அனுப்பிவிட்டார்கள், அதாவது இந்த வீடு திறக்கும் நேரத்தில். இருந்திருந்தால் 'எல்லோருக்குமான கிளப்' என்று சொல்லிக்கொண்ட இந்த வீடு அவர்களுக்கும் நாற்காலி போட்டிருக்குமா என்று தோட்டத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்களில் பலர் பெயரை, உடல் கிடைக்காத வீரர்களுக்காக எழுப்பிய நினைவு வாயிலான ஈப்பரின் மெனின் வாயிலில் பார்க்கலாம்.

அன்று இரவு அம்மா போனில் "கோயிலுக்குப் போனாயே, யார் பிரசங்கம்?" என்று கேட்டாள். "பிரசங்கம் இல்லம்மா, டீ கொடுத்தாங்க" என்றேன். உண்மைதான், அடுக்களையில் பார்வையாளர்களுக்கு இன்றும் டீ தருகிறார்கள், ஊற்றிக் கொடுப்பவர்கள் பிரிட்டனிலிருந்து வந்து தங்கும் தன்னார்வலர்கள். பால் கேட்டால் தருவார்கள், சர்க்கரையை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்துக்கு நாலரை. அரை நாளில் ஓடிப்போய்ப் பார்க்கிற இடமில்லை, ஒரு இரவு தங்குங்கள். மாலையில் ரயில் பிடித்து ஈப்பர் போனால் எட்டு மணிக்கு மெனின் வாயிலில் இறந்தவர்கள் நினைவாக எக்காளம் ஊதுவதைக் கேட்கலாம், ஆனால் திரும்பி வர ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.