‘பிசிபி போச்சு மேடம்’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்: வாஷிங் மெஷின் ரிப்பேரில் நடக்கும் ஏமாற்று

பாதித் துவைப்பில் மெஷின் நின்றுவிட்டது. டிரம்முக்குள் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, உள்ளே நாளைக்குப் பிள்ளைகள் போட வேண்டிய யூனிஃபார்ம். இந்த அவசரத்தை நம்பியே ஒரு கூட்டம் பிழைக்கிறது.

பிராண்ட் பெயரோடு ‘கஸ்டமர் கேர்’ என்று சேர்த்துத் தேடினால் வரும் எண்களில் எல்லாமே கம்பெனியின் எண்கள் அல்ல. போனை எடுப்பவர், “சர்வீஸ் சென்டர், சொல்லுங்க மேடம், எந்த பிராண்ட் மெஷின்?” என்பார். அங்கேயே உஷாராகிவிடலாம். கம்பெனியில் இருப்பவர் எந்த பிராண்ட் என்று ஏன் கேட்கப் போகிறார்?

ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடுவார். மேல்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, “பிசிபி ஷார்ட் ஆயிருச்சு. புதுசு போட்டா பதினோராயிரம். நம்ம ஒர்க்‌ஷாப்ல ரெடி பண்ணா ஆறாயிரத்துல முடிச்சிரலாம்” என்பார். பிசிபி என்பது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு. பாதிப் பணம் அட்வான்ஸ். போர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மறுநாள் அதே போர்டை, அல்லது வேறொரு பழைய போர்டைக் கொண்டுவந்து மாட்டுவார். போகிற போக்கில் கீழே இருக்கும் டிரெயின் ஃபில்டரைத் திருகி, உள்ளே சிக்கியிருந்த ஹேர்பின்னை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மெஷின் ஓடும். அதை நிறுத்தியதே அந்த ஹேர்பின்தான். ஆறாயிரம் ரூபாய்க்கு பில் கிடையாது. அவர் மாட்டியது வேறு பழைய போர்டு என்றால், உங்கள் நல்ல போர்டு இன்னொரு வீட்டில் ‘புது போர்டு’ ஆகியிருக்கும்.

பழியை எப்போதும் போர்டின் மேலேயே போடுவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான போர்டுகளில் ஈரம் படாமலிருக்க மேலே ரெசின் ஊற்றியிருப்பார்கள். உள்ளே கருகியிருக்கிறதா, நன்றாக இருக்கிறதா என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீரை வெளியேற்றும் பம்ப் போய்விட்டது என்றால் பழைய பம்பைக் கேட்பீர்கள், கடையில் விலை விசாரிப்பீர்கள். போர்டில் அந்தத் தொல்லை இல்லை.

போர்டா, பம்பா என்று பிரித்துப் பார்க்க மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஸ்பின் அல்லது டிரெயின் ஓடும்போது பம்பின் இரண்டு முனைகளுக்கும் இடையே 230 வோல்ட்டுக்கு நெருக்கமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். (சில புது மாடல்களில் டிசி பம்ப் இருக்கும், அதற்கு அளவு வேறு.) மின்சாரம் வந்தும் பம்ப் சுற்றவில்லையென்றால் குற்றம் பம்பில் இருக்கிறது, அல்லது அதில் ஏதோ சிக்கியிருக்கிறது. மின்சாரமே வரவில்லை என்றால்தான் வயரையும் போர்டையும் சந்தேகப்பட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பம்பின் ஓம் அளவு பார்த்தால், நல்ல ஏசி பம்ப் சுமார் 100 முதல் 200 ஓம் காட்டும். மின்சாரம் ஓடும்போது செய்யும் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், வந்தவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மீட்டரையே வெளியில் எடுக்காமல் போர்டு போச்சு என்பவருக்கு விசிட்டிங் சார்ஜ் கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்க வேண்டியது டிரெயின் ஃபில்டர். ஃப்ரண்ட் லோடில் அடியில் ஒரு ஓரமாகச் சின்னக் கதவு இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள், சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். கதவுக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால் அதன் மூடியைத் திறந்து தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில் பிடியுங்கள். பத்துப் பதினைந்து லிட்டர் வரலாம், பொறுமை வேண்டும். பிறகு ஃபில்டரை மெதுவாக இடப்பக்கம் திருகுங்கள். நாணயம், சேஃப்டி பின், குழந்தையின் சாக்ஸ், பிராவின் கம்பி, எதுவும் இருக்கலாம். உள்ளே டார்ச் அடித்தால் சின்ன விசிறி தெரியும். விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாது, ‘டக் டக்’ என்று நின்று நின்று நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், இதைக் காட்டி ‘ஜாம் ஆயிருச்சு’ என்பதும் ஒரு வித்தை. முடி சுற்றியிருந்தால் எடுத்துவிட்டு, ஃபில்டரை இறுக்கமாகத் திருகி மூடுங்கள்.

அடுத்த ஏமாற்று, ‘இன்லெட் வால்வு போச்சு’ (தண்ணீரை உள்ளே விடும் வால்வு). தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்து மெஷின் எரர் காட்டும். தண்ணீர் வரும் ஓஸைத் திருகி எடுத்தால் வால்வின் வாயில் சின்ன வலை இருக்கும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் மணலும் உப்பும் அதை அடைத்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வேலை முடிந்தது. வலை சுத்தமாக இருந்தும் வரத்து குறைவென்றால் மாடித் தொட்டியைப் பாருங்கள். பல மாடல்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் வேண்டும். அதாவது தொட்டித் தண்ணீர் குழாயிலிருந்து 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அபார்ட்மென்டின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது. அப்படியானால் எத்தனை வால்வு மாற்றினாலும் பயனில்லை, சின்ன பிரஷர் பம்ப்தான் வைக்க வேண்டும்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் நிரம்பவில்லை என்றால் தண்ணீர் வெளியேறும் டிரெயின் ஓஸைப் பாருங்கள். ஃப்ரண்ட் லோடில் அதன் முனை தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். பாத்ரூம் தரையில் கிடந்தால் உள்ளே வரும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். பம்ப் இல்லாத டாப் லோடில் நேரெதிர்: ஓஸ் தரையை ஒட்டிக் கிடந்தால்தான் வடியும். வீடு மாறும்போது ஓஸை மாற்றிப் போட்டுவிட்டு, பிறகு போர்டுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

போர்டு நிஜமாகவே போவதும் நடக்கும். வோல்டேஜ் ஏற்ற இறக்கம், ஈரம், பல்லி, கரப்பான். டிஸ்ப்ளேயே வரவில்லை என்றால் முதலில் அதே பிளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸ் மாட்டிப் பாருங்கள். அடுத்து எலி. அடிப்பக்கம் திறந்திருக்கும் மாடல்களில் உள்ளே புகுந்து வயரைக் கடித்துவிடும். கடித்த வயரை இணைப்பதற்குச் சில நூறு ரூபாய், போர்டு என்றால் பல ஆயிரம். போர்டு மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றியதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகத்தான் வேண்டுமென்றால் ஜாப் ஷீட் எழுதி, மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

கம்பெனி எண்ணை மெஷின் ஸ்டிக்கரிலோ வாரண்டி கார்டிலோ பாருங்கள். ‘மோட்டாருக்கு 10 வருஷ வாரண்டி’ என்பதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும் முன் கார்டின் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டும்தான் அந்த வருஷக் கணக்கு, கூலியும் விசிட்டிங் சார்ஜும் தனி. கம்பெனி ஆளே வந்தாலும் ஏஎம்சியும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) உப்புப் படிவை நீக்கும் டீஸ்கேல் பவுடரும் தலையில் கட்டப் பார்ப்பார். உப்புத் தண்ணீர் வீட்டுக்கு டீஸ்கேலிங் தேவைதான், அன்றைக்கே அவரிடமே வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

‘புக்கிங்குக்குப் பத்து ரூபாய்’ என்று லிங்க் வந்தாலோ, போனில் ஸ்கிரீன் ஷேர் ஆப் போடச் சொன்னாலோ அழைப்பை வெட்டுங்கள். அது ரிப்பேர் மோசடியே அல்ல, பேங்க் கணக்கைக் காலி செய்யும் வேலை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்ல வேண்டும், பேங்குக்கும் சொல்லி கார்டை முடக்க வேண்டும். ரிப்பேரில் ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ஏதாவது இருக்க வேண்டும்: பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், போர்டின் படம், வந்தவரின் எண். ரொக்கமாகக் கேட்டு பில் தர மறுப்பவரிடம் இதில் ஒன்றும் மிஞ்சாது.