நிழல்வலை கேட்டால் உறைபனித் துணி தருகிறார்கள்: காரைக்குடிப் பக்கம் கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிழல்வலை வாங்கப் போங்கள். குளிர் நாடுகளில் உறைபனியிலிருந்து காய்கறிச் செடியைக் காப்பாற்ற விற்கும் துணியை, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "நிழல்வலை 50%", அதாவது வெயிலில் பாதியைத் தடுக்கும் வலை, என்று இங்கே விற்கிறார்கள். எனக்கு விற்றார்கள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அதே சுருள் இருக்கிறது.

மாசிக் கடைசியில் நான் கேட்டது தெளிவாகவே இருந்தது. பச்சை வலை, 50 சதவீதம், 2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினேன், அது இன்னும் இருக்கிறது. கொல்லையில் தக்காளி, கத்தரி, வெண்டை, பந்தலில் பீர்க்கும் சுரையும். எங்கள் ஊர்ச் செம்மண்ணும் சுற்றுச்சுவரும் பங்குனியில் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு தென்னங்கீற்றில் பந்தல் போட்டுவிடுவோம். இப்போது கீற்று முடைய ஆள் வருவதில்லை.

வந்து இறங்கியது வெள்ளைத் துணி. கேட்டதற்கு, "பச்சை தீர்ந்துபோச்சு ஆச்சி, இது அதைவிட உசத்தி, இம்போர்ட்டட். வெயிலுக்கும் ஆகும், பனிக்கும் ஆகும்" என்றார் கடைக்காரர். வெள்ளையிலும் நிழல்வலை உண்டு என்பதால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்டிக்கரில் 50% என்று தமிழில் அச்சடித்திருந்தது. 2,400 ரூபாய். பில்லில் "தோட்ட வலை 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஜிஎஸ்டி எண் கிடையாது. பணம் போனது கடைப் பெயரில் இல்லாத ஒரு ஆளின் ஜிபே எண்ணுக்கு.

அவர் சொன்னபடியே செடிகளை மூடி, ஓரத்தில் செங்கல் வைத்துக் கட்டினோம். பங்குனி முதல் வாரம் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் வெளியே 37 டிகிரி, துணிக்கு உள்ளே 43. தக்காளிப் பூ அத்தனையும் உதிர்ந்தது. பகல் வெப்பம் 35ஐத் தாண்டினாலே தக்காளி பிஞ்சு பிடிக்கத் திணறும், அதற்கு மேல் நாமே ஒரு அடுப்பை மூட்டிவிட்ட கதை. பீர்க்கு, சுரை இரண்டிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மாலையில் பூ விரியும்போது வண்டும் பூச்சியும் வந்தால்தான் காய். துணி போட்டு அடைத்தபின் எது வரும்? பெண் பூக்கள் பிஞ்சோடு மஞ்சளித்து விழுந்தன. கத்தரி மட்டும் தாக்குப்பிடித்தது. அதுவும் கத்தரி என்பதால்.

கண்டுபிடித்தது டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகள். வீடியோ காலில் தோட்டத்தைக் காட்டும்போது, "அயித்தை, ஏன் இதைப் போய் வெயிலில் போட்டிருக்கீங்க? இது எங்க ஊரில் குளிருக்குப் போடுறது" என்றாள். ஸ்டிக்கரை உரிக்கச் சொன்னாள். அடியில் ஆங்கில லேபிள், பனிப்பூ படம், ஒரு ச.மீ.க்கு 20 கிராம் என்று எடை. சுருளை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 20 சதுர மீட்டருக்கு 400 கிராம், சரியாக இருந்தது. ஆக, துணியின் மேல் பழி இல்லை. அது செய்யப்பட்ட வேலைக்கு நல்ல துணிதான்.

அங்கே அதன் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால்தான் ஏமாற்று புரியும். டொராண்டோவில் வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி ஏப்ரலில் தக்காளி நட்டால், மே மாதத்தில்கூட ஒரு இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிச் செடி கருகிவிடலாம். அதனால் மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும் விக்டோரியா நாள் விடுமுறை வரை காத்திருப்பது அங்கே பலருக்கு வழக்கம். அவசரப்பட்டு நட்டவர்கள்தான் இந்தத் துணியைத் தேடுவார்கள். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில், பகலெல்லாம் மண் வாங்கி வைத்த சூடு வானத்துக்குப் போய்விடும். அந்தச் சூட்டைத் துணி செடியைச் சுற்றிப் பிடித்துவைக்கும். இவ்வளவு மெல்லிய துணி என்றால் ஒன்றிரண்டு டிகிரிதான் காப்பாற்றும். சாயங்காலமே மூடி, ஓரத்தை மண்ணோடு அழுத்திவிட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். வெளிச்சம் போக வேண்டுமே என்று நெய்யாமல் மெல்லிசாகச் செய்திருப்பதால் வெயிலில் 85 சதவீதம் வரை உள்ளே விடும். நிழல் தருவது அதன் வேலையே இல்லை, சூட்டை அடைத்து வைப்பதுதான் வேலை. அதைச் செட்டிநாட்டுப் பங்குனியில் விற்றிருக்கிறார்கள்!

நம் மாநிலத்திலும் இதற்கு இடம் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் மார்கழி, தை மாதங்களில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். அங்கே தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் மார்கழியில் இலையில் இருப்பது வெறும் ஈரம். செடி உறையும் அளவுக்குக் குளிர் இங்கே கிடையவே கிடையாது. நம் ஊரில் இந்தத் துணிக்கு ஒரு வேலை சொல்லலாம் என்றால், குளிர்ந்த மாதங்களில் கொடிவகை நாற்றுகளை வெள்ளை ஈயிலிருந்து காப்பது. பூ விட ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும்.

கடைக்காரரிடம் போனேன். முதலில், "உங்க ஊர் வெயிலுக்குத் துணி என்ன ஆச்சி செய்யும்?" அப்புறம், "கட்டிக் கிழிச்ச சரக்கை எப்படித் திரும்ப எடுக்கிறது?" உரித்த லேபிள் படத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது. பாதிப் பணத்துக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். தெரியாமல் விற்றவர் என்றால் அந்த ஸ்டிக்கரை எதற்கு, அதுவும் சரியாக லேபிள் மேலேயே ஒட்ட வேண்டும்?

வாங்கும்போது கையில் தொட்டுப் பாருங்கள். ஜவுளிக்கடையில் சேலை போட்டுத் தரும் கட்டைப்பை இருக்கிறதே, அந்த ரகத் துணியாகத் தெரிந்தால் அது நிழல்வலை இல்லை. நிழல்வலை பிளாஸ்டிக் இழையில் பின்னியது, ஓட்டை கண்ணுக்குத் தெரியும், ஊதினால் காற்று அந்தப் பக்கம் போகும். 35, 50, 75, 90 என்று சதவீதத்தில் விற்பார்கள், காய்கறிக்கு 50 வரை போதும். சதவீதம் சொல்லாமல் எடையைக் கிராமில் மட்டும் சொன்னால் உஷாராகுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் கடையிலேயே உரியுங்கள். எதற்குப் பயன்படும் பொருள் என்று பில்லில் "நிழல்வலை 50%" எனப் பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வந்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, துண்டு ஒன்றை எடுத்துப் போய்க் கேட்கலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, இந்த மாதிரிச் சின்னத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. புகார் நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை, தனியாகக் கேட்டும் வராதீர்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு வெள்ளைச் சுருள் இருந்தால் ஸ்டிக்கரை மெதுவாக உரித்து, அடியில் இருப்பதையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் 1915க்குப் பேசுங்கள். துணியை இன்றைக்கே செடியிலிருந்து எடுத்துவிடுங்கள்.