பாட்டாவின் நாற்காலிகளுக்குக் குஷன் போட்டு ஏழு வருடம்

பாட்டா, அதாவது தாத்தா காலத்து நாற்காலிகள் எங்களிடம் ஆறு இருக்கின்றன. ஆறும் தேக்கு. கூடவே ஈட்டி மரத்தில் ஒரு சாய்வு நாற்காலி. எல்லாவற்றிலும் பிரம்புப் பின்னல். ஆச்சி கடைசிவரை 'கசேர' என்றுதான் சொல்வார். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, திருவட்டார் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒரு செட் எங்காவது மூலையில் கிடக்கும். அதற்குக் குஷன் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். பழைய வீட்டின் ஓடுகள் பறந்து, நாற்காலிகள் இருந்த அறைக்குள் மழை கொட்டியது. பிரம்பு கறுத்து இற்றுப்போனது, கால்கள் எல்லாம் ஆடின. விறகுக்குத்தான் ஆகும் என்று வீட்டில் பேச்சு. குலசேகரத்தில் இருந்து வந்த வயதான ஆசாரி ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மரம் கல் மாதிரி இருக்கிறது என்றார். அந்தக் காலத்தில் மூட்டுகளை வச்சிரம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது, ஈரம் பட்டால் இளகிவிடும். அதனால் மரம் விரிசல் விடாமல் மூட்டுகள் தானாகக் கழன்று வந்தன. இப்போதைய பசையாக இருந்திருந்தால் மரம்தான் பிளந்திருக்கும் என்றார். சுரண்டி, திரும்பப் பொருத்தி, அரக்கு பாலிஷ் போட்டுக் கொடுத்தார். 

இனி குஷன் போடப்போகிறோம் என்றதும் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "மக்களே, சட்டத்தில ஆணி அடிக்காண்டாம். நாளைக்குப் பிரம்பு கட்டணும்னு தோணிச்சின்னா ஓட்டை எங்க இருக்கும்?"

நான் அதைக் காதில் போட்டுக்கொண்டேனே தவிர, குஷன் வேலைக்காரரிடம் அழுத்திச் சொல்லவில்லை. 2018 ஏப்ரலில் வண்டி வந்து ஆறு நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. பத்து நாளில் திரும்பி வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தன. நான்கு அங்குல ஃபோம், காப்பி நிற ரெக்சின், சுற்றிலும் பித்தளைக் குமிழ் ஆணி. நான்கை நாங்கள் வைத்துக்கொண்டு, இரண்டைக் குளச்சலில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொடுத்தோம்.

முதல் வாரமே அம்மா உட்கார மறுத்துவிட்டார். பழைய இருக்கை தரையில் இருந்து 17 அங்குலம். அடிப்பலகையும் ஃபோமும் சேர்ந்து 21 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. அம்மாவின் கால் தரையில் படவில்லை. தொடையின் கீழ்ப்பக்கம் அழுத்தி, அரை மணி நேரத்தில் கால் மரத்துவிடும். சாப்பாட்டு மேசைக்கும் மடிக்கும் இடையில் இடமும் இல்லை. மெத்தென்று இருந்தால் வசதி என்று நினைத்த எனக்கு, உயரம்தான் முக்கியம் என்பது அப்போதுதான் புரிந்தது. குஷன் போடப்போகிறவர்கள் முதலில் ஒரு அளவு நாடாவை எடுத்து, வீட்டில் யார் அதிகம் உட்காருவார்களோ அவர்களின் முழங்கால் மடிப்பில் இருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். ஃபோம் எத்தனை அங்குலம் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

ரெக்சின் மூன்றாம் வருடம் உரிய ஆரம்பித்தது. நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிறது. வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். துணிமேல் பூசியிருக்கும் பாலியூரித்தேன் படலத்தை அந்த ஈரமும் வெக்கையும் மெல்ல மெல்லச் சிதைத்துவிடுகின்றன. வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து எழுந்தால் பின்னால் காப்பி நிறத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் வியர்த்து முதுகும் தொடையும் பசைபோல் ஒட்டிக்கொள்வது தனித் தொல்லை.

தங்கை வீட்டு நாற்காலிகளின் கதை வேறு. கடல் கூப்பிடு தூரம். இரண்டே வருடத்தில் ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடித்து, அடித்துணி கையோடு வந்தது. பித்தளை ஆணிகளில் பச்சைக் களிம்பு. தக்கலையில் அதே வேலை, அதே பின்கள் அந்த அளவுக்குக் கெடவில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2021 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுக் குஷன்களிலும் பூஞ்சை வாடை வந்துவிட்டது. சரி, பிரித்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாற்காலியின் சட்டத்திலும் எழுபது, எண்பது பின்கள். பிரம்பு கட்டும் ஓட்டைகளுக்கு மேலேயே பலகையை வைத்து அடித்திருந்தார்கள். ஒன்றில் முன்சட்டம் நீளவாக்கில் பிளந்திருந்தது. புயலும் மழையும் செய்யாததை என் அவசரம் செய்துவிட்டது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

2022இல் மறுபடி செய்தோம். இந்தத் தடவை ஆசாரி சொன்ன வழி. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை நாற்காலி அளவுக்கு வெட்டி, காற்று போக ஓட்டைகள் துளைத்து, அதன்மேல் ஒன்றரை அங்குல ஃபோம். துணியைப் பிளைவுட்டில்தான் அடிக்க வேண்டும், சட்டத்தில் ஒரு பின்கூடப் படக்கூடாது. உள்மூலைகளில் சின்னக் கட்டைகள் வைத்து, அடியில் இருந்து நான்கு திருகாணி. கழற்றினால் பழைய நாற்காலி அப்படியே இருக்கும். இருக்கை இப்போது 19 அங்குலம், உட்கார்ந்தால் 18க்கு இறங்குகிறது. அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது.

ஃபோம் வாங்கும்போது தடிமனைவிட டென்சிட்டியைப் பாருங்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கும். முதல் தடவை போட்டது கையால் அமுக்கினாலே பலகை தட்டும் ரகம். இப்போதையது 40, தினமும் மூன்று வேளை உட்கார்ந்தும் நடுவில் கால் அங்குலம்கூடப் பள்ளம் விழவில்லை. ஒரு நாற்காலிக்கு மட்டும் ஆசைப்பட்டு ரப்பர் பாலில் ஒட்டிய தேங்காய்நார் மெத்தை போட்டேன். தென்னையும் ரப்பரும் நம் மண்ணில் விளைவதுதானே. காற்றோட்டம் அருமை, சூடே ஏறாது. ஆனால் ஒன்றரை அங்குலத்தில் அது கட்டாந்தரை மாதிரிதான் இருக்கிறது. ஓரங்களில் நார் உதிர்ந்து தரையில் தூளாக விழுகிறது. மேலே அரை அங்குல ஃபோம் சேர்த்திருந்தால் இரண்டின் நன்மையும் கிடைத்திருக்கும்.

துணி, கெட்டியான பருத்திக் கேன்வாஸ், கரும்பச்சை. தைப்பதற்கு முன் நனைத்துக் காயவைத்தேன், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். அடியில் நாடா கட்டி இழுக்கிற மேலுறையும் தனியாகத் தைத்தாயிற்று. அதை மட்டும் உருவி மாதம் ஒருமுறை துவைக்கிறோம். மேற்கு ஜன்னல் பக்கம் இருக்கும் நாற்காலியில் மட்டும் நிறம் நன்றாக வெளுத்திருக்கிறது. மழைக்காலத்தில் திருகைக் கழற்றிப் பலகையோடு வெயிலில் வைத்து எடுப்பேன். அதற்கப்புறம் பூஞ்சை வாடை வரவே இல்லை.

அரக்கு பாலிஷ்மேல் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஸ்பிரிட் தொட்ட துணியால் மெதுவாக ஒற்றினால் பெரும்பாலும் போய்விடும். பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டால் இந்தத் தொல்லை இராது என்று பலர் சொன்னார்கள். அதை எடுக்க வேண்டுமானால் மரத்தைச் சுரண்ட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

சாய்வு நாற்காலிக்குக் குஷன் போடவே இல்லை. பிரம்பை ஊறவைத்துப் புதிதாகப் பின்னினோம். காயும்போது அது தானாக இறுகிக்கொள்கிறது. ஏழு வருடத்தில் ஒரு தடவைதான் தளர்ந்தது. அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால் துடைத்துக் காயவிட்டதும் பழையபடி விறைத்துக்கொண்டது. மத்தியானத் தூக்கத்துக்கு முதுகுக்குக் கீழே காற்று வேண்டும், அதை எந்த ஃபோமும் தராது.

சட்டம் பிளந்த நாற்காலி இன்னும் சுவரோரம்தான் நிற்கிறது. ஆசாரி தேக்குத் துண்டு ஒன்றை அளந்து வெட்டி வைத்திருக்கிறார். மழை விட்டதும் பொருத்தித் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிரம்புதான் கட்டப்போகிறேன்.