ஹெடர் இல்லாத கேர்னலும் என்ரை வைஃபை டொங்கிளும்

"மச்சான், நீ பாவிக்கிற அந்த டொங்கிள் நல்லதோ? வாங்கட்டோ?" என்று போன கிழமை கூட்டாளி கேட்டான். ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

யூஎஸ்பியில் குத்துகிற வைஃபை டொங்கிள், 2021 கடைசியில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடையொன்றில் வாங்கினது. உள்ளே 8821சியூ சிப். கொக்குவிலில் எங்கட வீடு சுண்ணாம்புக் கல்லில் கட்டின பழைய வீடு. றூட்டர் முன் விறாந்தையில், கொம்பியூட்டர் பின் அறையில், இடையில் மூன்று தடித்த சுவர். 5 கிகாஹேர்ட்ஸ் எட்டியும் பார்க்காது. 2.4 மட்டும் நாலு வருசமாகச் சளைக்காமல் வருகிறது. சாமானில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடுப்பேற்றியது வேறொன்று.

என்ரை கொம்பியூட்டரில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ். டெபியன் 11இன் 5.10 கேர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், இந்தச் சிப்பை இயக்குகிற ட்ரைவர் இல்லை. வெளியிலிருந்து ட்ரைவரின் மூலநிரலை இறக்கி, ஒவ்வொரு கேர்னலுக்கும் ட்ரைவர் கட்டுகிற டிகேஎம்எஸ் என்ற கருவியிடம் கொடுத்தால் அது கட்டித் தரும். கட்டுவதற்கு அந்தந்தக் கேர்னலின் ஹெடர்கள், அதாவது அதன் உள்ளமைப்பைச் சொல்லுகிற கோப்புகள், வேண்டும். அப்போது நான் பார்த்த விளக்கங்கள் எல்லாமே 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' என்று எழுதி, 'யூநேம் -ஆர்' என்ற கட்டளை காட்டுகிற இலக்கத்தைப் பின்னால் ஒட்டச் சொல்லின. ஒட்டினேன், வைஃபை வந்தது, தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

வினை அந்த ஒட்டில்தான் கிடந்தது. யூநேம் காட்டுவது அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிற கேர்னலின் இலக்கம். அந்த ஒரு இலக்கத்துக்கான ஹெடர்தான் இறங்கும். கேர்னலோ 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' என்ற பொதிக்குப் பின்னால் தானாகவே புதிதாகிக்கொண்டு போகும். ஹெடர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஹெடர் இல்லை, இந்தக் கேர்னலுக்குக் கட்டாமல் விட்டேன் என்று டிகேஎம்எஸ் ஒரு வரி சொல்லத்தான் செய்கிறது. முந்நூறு வரி ஓடுகிற இடத்தில் அந்த ஒரு வரியை யார் வாசிப்பது?

றீபூட் பண்ணும்வரை ஒன்றும் தெரியாது. 2022 மின்வெட்டுக் காலத்தில் எனக்கு றீபூட் பண்ணினது கரண்ட்தான். கரண்ட் போகும், வரும், மெசின் புதுக் கேர்னலில் எழும்பும், வைஃபை இருக்காது. ஹெடர் இறக்க இன்ரநெட் வேண்டும், இன்ரநெட்டுக்கு ஹெடர் வேண்டும். கலியாணம் முடிஞ்சால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சால்தான் கலியாணம் என்கிற கதை. ஒவ்வொரு தடவையும் பூட் மெனுவில் பழைய கேர்னலைத் தெரிந்து, அதில் ஏறி, புது இலக்கத்துக்கு ஹெடர் இறக்கிச் சமாளித்தேன். ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. என்னில்தான் எனக்கு முதல் கோபம்.

2023இல் டெபியன் 12க்கு ஏற்றினேன். கேர்னல் 6.1. வைஃபை வழக்கம்போல மாயம். இந்த முறை பழைய கேர்னலும் கைகொடுக்கவில்லை, மிச்சம் துடைக்கிறேன் என்று, பொதிகளைப் போட்டு எடுக்கிற ஆப்டின் 'ஓட்டோரிமூவ்' கொடுத்து நானே அதை அழித்திருந்தேன். விசர் பிடித்துப்போய் இருந்தபோது மகள், "அப்பா, போனை வயரில குத்திப் பாருங்கோவன்" என்றாள். யூஎஸ்பி டெதரிங், போனின் இன்ரநெட்டை வயரால் கொம்பியூட்டருக்குக் கொடுப்பது. ஒரு ட்ரைவரும் கேட்கவில்லை, குத்தின உடனே நெட்வேர்க் வந்துவிட்டது. லினக்ஸில் நான் கண்ட ஆகச் சுகமான காரியம் இதுதான். இரண்டு வருசமாகப் போன் மேசையில்தான் கிடந்தது.

'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதியை அன்றுதான் முதல்முறை போட்டேன். இலக்கம் இல்லாத பெயர். கேர்னல் எங்கே போனாலும் ஹெடரும் கூடவே போகும். டேட்டாவும் பெரிதாகக் கரையவில்லை. ட்ரைவரின் புது மூலத்தையும் இறக்கி, 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பார்த்தேன்: 6.1, இன்ஸ்டோல்ட். பிறகு இரண்டு வருசம் ஒரு கரைச்சலும் இல்லை.

2025 ஓகஸ்டில் டெபியன் 13, கேர்னல் 6.12. இப்போது ஹெடர் ஒழுங்காக வந்தது, வந்ததுதான் பிழையாகிப் போச்சு. ஹெடர் கிடைத்ததும் டிகேஎம்எஸ் அந்தப் பழைய ட்ரைவரைக் கட்ட முயன்று, ஏலாமல், அப்கிரேடையே பாதியில் நிறுத்திவிட்டது. இந்தச் சிப்புக்கான ட்ரைவர் 6.2இலிருந்தே கேர்னலுக்குள் இருக்கிறது, ஆர்டிடபிள்யூ88 என்று. டிகேஎம்எஸ்ஸிலிருந்து பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, உள் ட்ரைவரை ஏற்றவிடாமல் அந்தப் பழைய ட்ரைவர், ட்ரைவர்களை ஏற்றுகிற மொட்ப்ரோபின் அமைப்பில் வைத்துவிட்டுப் போன கோப்பையும் அழித்தேன். றீபூட். வைஃபை தானாக வந்தது.

இப்போது இந்த டொங்கிளுக்கு ஹெடரும் வேண்டாம், டிகேஎம்எஸ்ஸும் வேண்டாம். நான் வாங்கின நாளைவிட இன்றைக்கு நல்ல சாமான்.

கூட்டாளிக்குச் சொன்னது: "வாங்காதை. லான் வயர் இழு." என்ரையை விலைக்குத் தாறியோ என்று கேட்டான். தரமாட்டன் என்டிட்டன்.