ஒட்டிப்போன ஸ்டியரிங் கிளட்ச்: இழுப்பதா, ஊறவைப்பதா, திறப்பதா?

இடவப்பாதி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் படுத்துக் கிடக்கும் பழைய டோசர்களை எழுப்புவார்கள். மறுநடவுக்கு முன் கட்டை பிடுங்க வேண்டும், சரிவில் தட்டு வெட்ட வேண்டும். எஞ்சின் புகை கக்கி உயிர்பெறும். வண்டி முன்னும் பின்னும் போகும். இடது லிவரை இழுத்தால் மட்டும் எதுவுமே நடக்காததுபோல நேராகப் போய்க்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. ஒரு பக்கச் சங்கிலிக்குப் போகும் விசையைத் துண்டித்து வண்டியைத் திருப்புவது ஸ்டியரிங் கிளட்ச். டி2, டி4 போன்ற பழைய கேட்டர்பில்லர் டோசர்களில் அது உலர்வகை, எண்ணெயில் மூழ்காதது. இரும்புத் தட்டும் உராய்வுத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றாக நிற்கும். லிவரை இழுத்தால் அழுத்தம் விலகித் தட்டுகள் பிரிய வேண்டும். மேல்மூடி வழியாகவும் லிவர் துளை வழியாகவும் மழைநீர் இறங்கிவிட்டால், துரு அவற்றை ஒரே கட்டியாக்கிவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் நம் மாவட்டத்தில், மூடாமல் நிறுத்திய வண்டிக்கு இது வராவிட்டால்தான் வியப்பு.

கையை வைக்கும் முன் இரண்டு சோதனைகள். சமதளத்தில் லிவரை முழுதாக இழுத்து, அந்தப் பக்கத்துப் பிரேக்கை மிதியுங்கள். எஞ்சின் முக்கித் திணறினால் கிளட்ச் பிரியவில்லை. திணறாமல், வண்டியும் சரியாகத் திரும்பாமல் இருந்தால் பிரேக் பட்டையைப் பாருங்கள். அடுத்து, கிளட்ச் அறையின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றுங்கள். செந்நீர் வழிந்தால் துரு. கறுப்பு எண்ணெய் வழிந்தால் சீல் போய்விட்டது. 

பலரும் முதலில் நாடுவது இழுப்பு வைத்தியம். எஞ்சினைச் சூடாக்கி, லிவரை இழுத்துக் கட்டி, பிரேக்கை அழுத்தியபடி முன்னும் பின்னும் உலுக்குவது. செலவில்லை. லேசான துரு என்றால் பத்து நிமிடத்தில் ‘டக்’கென்று விட்டுவிடும். விடாவிட்டால் அந்த அதிர்ச்சி முழுவதும் பைனல் டிரைவ் (சங்கிலியைச் சுழற்றும் கடைசிப் பற்சக்கரத் தொகுதி) பற்களுக்கும் பிரேக் பட்டைக்கும் போகிறது. ஒரு பல் உடைந்தால், மிச்சம்பிடித்த காசு எல்லாம் அதோடு போயிற்று. பேச்சிப்பாறைப் பக்கத்துச் சரிவுகளில் இதைச் செய்யவே கூடாது. இறக்கத்தில் ஒரு பக்கக் கிளட்ச் பிரிந்து பிரேக் பிடிக்காவிட்டால், அந்தப் பக்கச் சங்கிலி தடையின்றி முந்தும். வண்டி நீங்கள் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். சமதளம், சுற்றிலும் ஆள் இல்லாத இடம், நான்கைந்து முயற்சி, அதற்குமேல் வேண்டாம்.

ஊறவைப்பது பொறுமைசாலிகளின் வழி. வடிகாலை அடைத்து, அறைக்குள் டீசலை ஊற்றிச் சில நாள் விடுவார்கள். பலருக்கும் பிடிபடாத ஒன்று உண்டு: திரவம் தட்டுகளின் கீழ்ப்பாதியைத்தான் நனைக்கும். நாளுக்கொரு முறை வண்டியை ஓரிரு அடி நகர்த்தி, உள்ளே டிரம் சுழன்று மேல்பாதி கீழே வரச் செய்யாவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். உராய்வுத் தட்டு டீசலைக் குடித்துவிடுவது இன்னொரு தொல்லை. விட்டபின் மண்ணெண்ணெய் ஊற்றி, லிவரை இழுத்தபடி சிறிது ஓட்டிக் கழுவி வடிக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய கிளட்ச் வழுக்கும் கிளட்சாக மாறியிருக்கும். பெட்ரோலால் கழுவலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சூடான, மூடிய அறையில் அது வெடிகுண்டு.

என் கை போவது மூன்றாவது வழிக்கு. இருக்கையையும் மேல்மூடியையும் கழற்றி, லிவரைக் கட்டையால் முட்டுக்கொடுத்து இழுத்த நிலையில் நிறுத்தி, பல் தேய்த்த பழைய ஹேக்ஸா பிளேடைத் தட்டுகளுக்கு இடையே நுழைத்து மெல்லத் தட்டிப் பிரிப்பது. சுற்றிலும் சிறிது சிறிதாக. ஒரே இடத்தில் அல்ல. ஸ்குரூடிரைவர் கூடவே கூடாது. ஒரு இரும்புத் தட்டு வளைந்தால், விட்ட கிளட்சும் எந்நாளும் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பகல் ஆகும், முதுகு வலிக்கும். ஆனால் உள்ளே உராய்வுத் தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, டிரம் பற்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பது கண்ணில் படும். மற்ற இரண்டு வழியிலும் இது தெரியாது. முந்தின இரவே தட்டுகளின் மேல் துரு இளக்கி எண்ணெயை அளவாகத் தெளித்து வைத்தால் பிளேடு எளிதாக நுழைகிறது.

முழுதாகக் கழற்றுவது செயின் பிளாக்கும் பட்டறை ஆசானும் இருக்கும் இடத்தில் செய்யும் வேலை. அழுத்தத் தட்டின் ஸ்பிரிங்குகளைப் பிடித்துவைக்க நீண்ட போல்ட்டுகள் போட்ட பிறகே மற்ற நட்டுகளைத் தொட வேண்டும். மறந்தவர் விரலை இழப்பார். எண்ணெய் கசிவு, தேய்ந்த தட்டு, பள்ளம் விழுந்த பற்கள் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக இதற்கே போய்விடுவது நல்லது. பள்ளத்தை அரத்தால் சமன்செய்யாமல் புதுத் தட்டு போட்டால், அது அதே பள்ளத்தில் மாட்டி மறுபடியும் பிரியாது.

சென்ற மழைக்கு முன் என் வண்டியின் இரு லிவர்களையும் இழுத்துக் கட்டி, வடிகாலைத் திறந்துவைத்து, மேலே படுதா போர்த்தி நிறுத்தினேன். மழை விட்டபின் இடது லிவரை இழுத்தேன். இடது பக்கம் திரும்பியது.